ஜப்பான் புத்தகங்களுக்கு ஒரு பிழைத்திருத்தம்

பாளையங்கோட்டை
17.8.1997

அன்பு மைத்துனன் ஹெப்ரானுக்கு, உன் அத்தான் கிருபைராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறேன். சுகம் என்றால் முழங்கால் வலியும் இடது கண்ணில் விழுந்த புரையும் நீங்கலாக. கடல் தாண்டி அந்தக் கோபே பட்டணத்தில் நீயும் கரோலினும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிற்க.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் ஒன்றுதான். இனிமேல் ஜப்பான் படக்கதைப் புத்தகம் எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். மார்ச்சில் வந்த பார்சலில் இருந்த ஆறையும் பழைய பேப்பர்க் கடையில் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்பாய். வரிசையாகச் சொல்லுகிறேன், கோபப்படாமல் வாசி.

முதலில் அந்தச் சோறு பொங்கும் பெட்டி. அக்கா இல்லாத வீட்டில் அத்தான் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று நீ நினைத்தது உன் நல்ல மனசு. அரிசியைக் களைந்து போட்டு, அட்டையில் போட்டிருந்த படத்தில் உள்ளபடி தண்ணீர் வைத்து, மூடி, பொத்தானை அமுக்கினேன். டப் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு புகை, அதற்கும் பிறகு தெரு முழுக்கக் கரண்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு வீடு டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேரும் வாசலுக்கு வந்து என் வீட்டையே பார்த்தார்கள். லைன்மேன் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார்வாள், இது நூறு வோல்ட்டுப் பெட்டில்லா. நம்ம ஊர்க் கரண்ட்டைக் கொடுத்தா அது என்ன செய்யும், பாவம்" என்றான். அந்தப் பாவம் எனக்கா பெட்டிக்கா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. இப்போது அதில் உளுந்தம்பருப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆக, பார்சலில் கெடாமல் வந்து சேர்ந்தது, பெட்டி ஆடாமல் இருக்க நீ சுற்றிலும் சொருகியிருந்த அந்த ஆறு புத்தகம்தான். அவற்றை நீ எனக்காக அனுப்பவில்லை, வைக்கோலுக்குப் பதிலாக வைத்திருக்கிறாய் என்று தெரியும். ஆனால் அச்சடித்த காகிதம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் புரூப் திருத்தினவன் நான். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை, கோழி கிளறினது மாதிரி இருந்தது. படம் விளங்கியது. அது போதும் என்று வாசிக்க உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது பிழைதான். முதல் பக்கத்தில் 198 என்று போட்டிருக்கிறது. அடுத்தது 197. கடைசிப் பக்கத்துக்கு முதல் நம்பர். ஒரு புத்தகத்தில் இல்லை, ஆறிலும் இப்படி. ஜப்பான்காரன் மிஷின் செய்வான், பைண்டிங் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிவப்பு மையை எடுத்து ஆறு புத்தகத்துக்கும் பக்க எண்களைத் திருத்தினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பிழைத்திருத்தப் பட்டியலைத்தான் ஏப்ரலில் உனக்கு அனுப்பி, நேரே அந்தக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடு என்று எழுதியிருந்தேன். நீ அதற்கு மட்டும் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இப்போது தெரிகிறது. கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

வாசித்தேன், ஹெப்ரான். சொன்னால் சிரிப்பாய், அந்த ஆறுக்கும் நான் ரசிகனாகவே ஆகிவிட்டேன். ஒன்று, சமையல்காரன் கதை. எடுத்த எடுப்பில் கோப்பையும் மாலையுமாக நிற்கிறான். அப்புறம் ஒவ்வொரு போட்டியாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு கடைப் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறான். உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறானே என்று அசந்துபோனேன். எங்கள் அச்சகத்து மெஷின்மேன் வாழ்க்கையும் அப்படித்தான் போயிற்று. இன்னொன்று பந்தாட்டக் கதை. அதில் எல்லாரும் முதலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் மைதானத்துக்குள் போகிறார்கள். மூன்றாவது, பனைமர உயரத்துக்கு ஓர் இரும்பு மனுஷன். ஊரே இடிந்து கிடக்கிறது. இவன் வந்து கையை நீட்ட நீட்ட கட்டடமெல்லாம் எழும்பி, ரோடு ஒட்டிக்கொண்டு, ஜனங்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இப்படி ஒரு கொத்தனார் நமக்கு இல்லையே என்று ஏங்கினேன். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதல். பொம்பளைப் பிள்ளைகளுக்கெல்லாம் கண் முகத்தைவிடப் பெரிசு.

பக்கத்து வீட்டு ஹமீது பீவியம்மா வீட்டில் கேபிள் உண்டு. அதில் சாயங்காலம் ஒரு ஜப்பான் பொம்மைப் படம் இந்தி பேசிக்கொண்டு வருகிறது. ரசிகன் ஆகிவிட்டேனே, அதையும் போய்ப் பார்த்தேன். எனக்கு அது ஒப்பவில்லை. ஒருத்தன் ஓடினால் அவன் அப்படியே நிற்கிறான், மரம்தான் ஓடுகிறது. ஓங்கின கை கீழே வர மூன்று நாள் ஆகிறது. அதுவும் போகட்டும், அதில் முதலில் சண்டை போட்டு, அப்புறம் ஜெயித்து, அப்புறம் சிரிக்கிறார்கள். கேபிள்காரன் ரீலைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்று அவனிடமே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் விடுகிறான்.

ஆறாவது புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஒரு காவல்காரன், அவன் பெண்டாட்டி. வேறு யாரும் கிடையாது. முதல் பக்கத்தில் காலிக் கட்டில். இவன் மட்டும் படியில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் படகில் அடக்கத்துக்கு வந்தவர்கள். அப்புறம் அவள் கட்டிலில் கிடக்கிறாள். பைய எழுந்து உட்காருகிறாள். படியில் கீழே இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். இருமல் குறைகிறது. மீன் கழுவுகிறாள், பூனையைத் திட்டுகிறாள், முகத்தில் சதை வைக்கிறது. கடைசிப் பக்கத்தில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் மேசையில் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை. போனவள் திரும்பி வந்துவிட்டாள், இனி நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், அவள் அங்கேதான் நிற்கிறாள் என்று இவனுக்குத் தெரியும், அந்த நிம்மதியைத்தான் வரைந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது தடவை வாசித்தேன். உன் அக்கா போன பிறகு எனக்குத் தூக்கம் வந்தது அந்த நாட்களில்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வண்ணார்பேட்டை வாசகர் வட்டத்தில் 'ஜப்பானியர் கதைகளில் துக்கம்' என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஜப்பான்காரனுக்கு வெற்றியில் நம்பிக்கை கிடையாது, எல்லாம் சிறுத்துச் சிறுத்துத் தொடங்கின இடத்துக்கே போகும் என்பது அவன் வேதாந்தம், செத்தவர்கள் மட்டும்தான் அங்கே முன்னுக்கு வருகிறார்கள் என்று சொன்னேன். செயலாளர் அனந்தநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை துக்கத்தோடயா வே அவன் டிரான்சிஸ்டர் செய்யுதான்" என்று கேட்டு, எனக்குச் சால்வையும் போர்த்தினார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது.

அந்த நாலு வரியைக் காட்டத்தான் ஹமீது பீவியம்மாவைக் கூப்பிட்டேன். அந்த அம்மா வீட்டில் பிள்ளைகளுக்கு அரபு ஓதிக் கொடுக்கிறவர்கள். மேசையில் கிடந்த கலங்கரை விளக்கத்தை எடுத்தார்கள். எடுத்த கை அப்படியே அதை மறுபக்கமாகத் திருப்பிப் பிரித்தது. நான், "அது பின்னட்டை" என்றேன்.

"இல்லையே அண்ணாச்சி, இதான முன்னட்டை. எங்க கிதாபு மாதிரி வலத்த இருந்துல்லா வருது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரும் ஒழுங்காத்தான் போட்டிருக்கான். அதுல யாரு செவப்பு மையைக் கொட்டுனது?"

அந்த அம்மா நின்றபடியே வலமிருந்து இடமாக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதிக்கு மேல் வேகம் குறைந்தது. கடைசியில் மூடி வைத்துவிட்டு, "இன்பமணி அக்கா ஞாபகம் வந்துட்டு. இதை ஏன் அண்ணாச்சி வீட்டுல வச்சிருக்கிய" என்று கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு அப்புறம் என்னத்தச் சொல்ல. ஆறையும் வலத்திலிருந்து வாசித்தேன். பாத்திரம் தேய்த்தவன் கோப்பை வாங்குகிறான். என் கொத்தனார் ஊரை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறான். இதெல்லாம் வெட்கம், அவ்வளவுதான், வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். சால்வையைக்கூட அனந்தநாராயணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆறாவதை மட்டும் தாங்க முடியவில்லை. கதைக்குக் கடைசி என்று நான் நினைத்த பக்கம்தான் கதையின் முதல் பக்கம். அச்சில் 3, என் சிவப்பு மையில் 196. அதே வாசல், அதே பெண்டாட்டி, அதே தலை குனிந்த மனுஷன். அவள் திரும்பி வந்து நிற்கவில்லை ஹெப்ரான். ஏதோ சொல்ல வந்து நிற்கிறாள். அவன் நிமிரவில்லை. கதை அங்கிருந்துதான் கெடுகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லுகிறேன். போன வருஷம் பிப்ரவரியில் அக்கா போனபோது, உன்னால் சவப்பெட்டி மூடும்முன் வந்து சேர முடியவில்லை. எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய். அதற்கு முந்தின நவம்பரில் ஒரு காலை. சபை நூற்றாண்டு மலருக்கு நான் வீட்டில் வைத்துப் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களை நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்று, "ஏங்க, பாரமா இருக்கு" என்றாள். நெஞ்சு என்று முதலில் சொன்னாளா இல்லையா, எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது பாரம் மட்டும்தான். அச்சகத்துக்காரனுக்குப் பாரம் என்றால் பதினாறு பக்கம். நான் நிமிராமலே, "இன்னும் ரெண்டு பாரம்தான் இருக்கு, முடிச்சிடுதேன்" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாளா, இவனிடம் சொல்லி என்ன என்று சிரித்தாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவள் அதைச் சொல்லவே இல்லை. அடிபம்புக்கும் அடுக்களைக்கும் நடுவில் குடத்தை இரண்டு தடவை கீழே வைக்க ஆரம்பித்தாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் நடக்கிறதை விட்டாள். கோயிலில் பாட்டுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே பாடினாள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேதான். அச்சில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கு இது தெரியவில்லை. அந்தப் புத்தகத்தைச் சரியான பக்கத்திலிருந்து பிரித்து, அந்தப் பொம்பளை வாளியைப் படியில் இறக்கி வைக்கிற இடம் வந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வெகுநேரம் அழுதேன்.

ஆகவே ஒரு திருத்தம். அக்கா அடக்கத்துக்குப் பிறகு நான் உனக்குப் போட்ட கடிதத்தை நீ வைத்திருப்பாய். அதில் மூன்றாவது வரியில் 'திடீரென்று' என்று இருக்கும். அதை அடித்துவிட்டு 'மூன்று மாதமாக' என்று போட்டுக்கொள். பிழை என்னுடையது. உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம், கடிதம் போடாவிட்டாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் இரண்டு பேரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். கரோலின் ஏதாவது சொல்ல வந்தால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
ஞா. கிருபைராஜ்

பின்குறிப்பு: மேலே ஆறு புத்தகத்தையும் கடையில் போட்டதாக எழுதியிருக்கிறேன். திருத்தம்: ஐந்து. கலங்கரை விளக்கம் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஹமீது பீவியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். சிவப்பு எண்களையும் அழிக்கவில்லை. தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு, இடத்திலிருந்து வலமாக, என் எண்களின்படிதான் வாசிக்கிறேன். 196 வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நிமிர்ந்து அடுக்களை வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். இதில் இரண்டாம் பாகம் உண்டென்றால் அனுப்பி வை. சோறு பொங்கும் பெட்டி வேண்டாம்.