இரண்டு டிக்கெட்டும் எண்பது கோஸ் சுருளும்

பணம் கட்டி, ரசீதை மடித்து உள்பையில் வைத்து, பயண அலுவலகத்தின் கதவைச் சாத்திவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் ராதிசாவுக்கு அந்தத் தேதி உறைத்தது.

ஜனவரி இருபத்தேழு புறப்பாடு. பிப்ரவரி மூன்று திரும்புவது. நடுவில் முப்பத்தொன்று கிடக்கிறது. புனித அத்தனாசியார் நாள். அவன் வீட்டு ஸ்லாவா, வருஷத்துக்கொருமுறை வீட்டுப் புனிதருக்கு எடுக்கும் விருந்து நாள்.

பனியில் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனார். அதுகூட அவன் காதில் விழவில்லை.

தன் பெயரை மறந்தாலும் தன் வீட்டுப் புனிதரின் நாளை மறப்பவன் அந்த ஊரில் இல்லை. ஆனால் ராதிசாவ் இருபத்திரண்டு வருஷமாக ஊர்ச் சூடேற்றும் நிலையத்தில் கொதிகலன் பார்ப்பவன். ஊர் முழுக்க வீடுகளுக்கு வெந்நீர்க் குழாயில் சூடு போவது அவன் கையால்தான். அங்கே தேதி கிடையாது. பகல் முறை, இரவு முறை, ஓய்வு முறை, அவ்வளவுதான். பயண அலுவலகத்துப் பெண் யாஸ்மினா தேதியைச் சொன்னபோது, 'நம்ம குழுவுக்கு ஓய்வு வாரம்' என்று மட்டும்தான் அவன் புத்தி சொன்னது.

திரும்ப உள்ளே போனான்.

"அடுத்த வாரத்துக்கு மாத்த முடியுமாம்மா?"

"அடுத்த வாரம் ரெண்டு மடங்கு விலை அண்ணே. எகிப்துக் கடல், விமானம், ரூம்பு, மூணு வேளைச் சாப்பாடு, எல்லாம் சேத்து இந்த விலைக்கு இந்த ஒரு வாரந்தான். பணமும் திருப்பித் தர மாட்டாங்க. வேணும்னா பேரை மாத்திக்கலாம், வேற யாராவது போறதுன்னா. அதுவும் கிளம்புறதுக்கு முந்தின நாள் வரைக்குந்தான்."

ஒரு நடுத்தரப் பன்றியின் விலை. அந்த விலைக்குக் கடல் கிடைக்கிறதே என்று இரண்டு மாதமாகத் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன்தான் அவன்.

ஆசை அவனுக்காக அல்ல. கொதிகலன் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன குளிர். அவன் மனைவி தெசான்கா ராஸ்பெரி குளிர்கிடங்கில் வேலை செய்கிறாள். கல்லாக உறைந்த பழத்தைக் கையால் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் விரல் நுனிகள் வெள்ளையாகவே ஆகிவிட்டன. ஜனவரி வந்தால் சட்டைப் பித்தானை அவன்தான் போட்டுவிட வேண்டும். போன வருஷம் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அடுத்த ஜனவரில உன் கையைச் சுடுமணல்ல புதைக்கிறேன் பாரு," என்று சொல்லிவிட்டான். சொன்னவன் மறந்தாலும் கேட்டவள் மறப்பாளா. சந்தையில் பழசாகப் பூப்போட்ட ஒரு நீல நீச்சலுடை வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். தெசான்கா ரசீதைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய தேவாலயக் காலண்டரைப் பார்த்தாள்.

"ஏய்யா, அத்தனாசியாரை என்ன பண்ணப் போறே?"

"ஒரு வருஷம் மனுசன் கடலுக்குப் போனா புனிதர் கோவிச்சுக்குவாரா?"

"புனிதர் கோவிச்சுக்க மாட்டாரு. ஸகோர்கா கோவிச்சுக்குவா."

ஸகோர்கா அவள் தம்பி திஹோமிரின் பெண்டாட்டி. அவள் கோபித்தால் ஊரே கோபித்த மாதிரி.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். ஒரு வருஷம் வந்தவன் எல்லா வருஷமும் வர வேண்டும். வராவிட்டால் அது பகை. ராதிசாவின் வீட்டில் இருபத்தாறு வருஷமாக நாற்பது பேர் வருகிறார்கள். பாதிரியார் மனைவியோடு முதலில் வந்து ஸ்லாவா ரொட்டியை வெட்டுவார். திஹோமிர் கடைசியில் போவான். "நாங்க கடலுக்குப் போறோம், கதவு பூட்டியிருக்கும்" என்று அந்த நாற்பது பேரிடம் சொல்ல எந்த நாக்குக்கும் வலு இல்லை.

தெசான்கா ரசீதை மடித்து அவனிடமே கொடுத்தாள். வெள்ளை விரல்கள். "நீயா பாத்து ஏதாவது பண்ணு," என்றாள்.

மறுநாள் ராதிசாவ் திஹோமிரின் முடிவெட்டும் கடைக்குப் போனான். ஒரு செய்தி ஊருக்குப் போக வேண்டுமென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

"இந்த வருஷம் முப்பத்தொண்ணாந் தேதி நான் வீட்ல இருக்க மாட்டேன் போலிருக்கு மாப்ளே. டூட்டி."

"அதுக்கென்ன மச்சான். அக்கா இருக்கால்ல. நாங்க வந்து சாப்ட்டுட்டுப் போறோம்."

ராதிசாவ் தலையை நிமிர்த்தினான். "அதில்ல. கொதிகலனைத் திறந்து ரிப்பேர் பாக்கப் போறாங்க. அந்த வாரம் ஊர்லயே சூடு இருக்காது. நாப்பது பேரைக் குளிர்ல உக்கார வைக்க முடியுமா?"

கத்தரிக்கோல் நின்றது. திஹோமிர் கண்ணாடி வழியாக அவனை வெறித்துப் பார்த்தான்.

"அப்ப இந்த வருஷம் ஸ்லாவா இல்லேங்கிறே."

"நான் அப்படிச் சொல்லல."

"இன்னொரு தடவை சொல்லு."

குரலில் எவ்வளவு வருத்தம் என்று ராதிசாவுக்குத் தோன்றியது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டான்.

சாயந்திரத்துக்குள் ஊர்க் கடைகளில் மின்சாரக் கணப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. விறகு மண்டி வாசலில் வண்டிகள் நின்றன. மறுநாள் காலை நிலைய மேலாளர் கூப்பிட்டார்.

"கொதிகலன்ல நிக்கிறது நீ. நமக்கே தெரியாம நம்ம கொதிகலனை நிறுத்தப் போறது யாருய்யா?"

"தெரியலீங்க."

"ஆஸ்பத்திரிலேர்ந்து கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து கேக்கறாங்க. என் மாமியார் என் வீட்டுக்கே வந்து தங்கிட்டா. இதக் கிளப்பி விட்டவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, அது உன் பொறுப்பு."

தன்னைத் தானே தேடும் வேலையோடு ராதிசாவ் வெளியே வந்தான். அன்று மதியம் உள்ளூர் வானொலியில் அறிவிப்பு வந்தது: ஜனவரி முழுக்க ஒரு மணி நேரம்கூடச் சூடு நிற்காது.

திஹோமிர் போன் செய்தான். "சூடு நிக்காதாமே மச்சான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கு அடுத்த பொய் தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அது கிடக்கட்டும், உங்கக்காவுக்கு உடம்பு சரியில்ல. நெஞ்சுச்சளி. எழுந்திரிக்கவே முடியல."

"அப்ப ஸ்லாவா இல்லதானே?"

என்ன ஒரு குத்தல். ராதிசாவ் போனை வைத்தான்.

உள்ளறையில் தெசான்கா நீல நீச்சலுடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இடுப்புல கொஞ்சம் பிடிக்குது, ஆனா..." என்று அவள் சொல்லும்போதே வாசல் மணி அடித்தது.

"படு. படுடி. உனக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கா? எப்போலேர்ந்து?"

"அஞ்சு நிமிஷமா."

உடை மாற்ற நேரமில்லை. நீச்சலுடையோடு போர்வைக்குள் புகுந்து கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அடுத்த தெருவிலிருந்து ஸகோர்கா ஒரு கையில் மதியம் வைத்த கோழி சூப்பும் இன்னொரு கையில் பிளம் சாராயமுமாக உள்ளே வந்தாள். சூப்பு குடிக்க, சாராயம் நெஞ்சில் தேய்க்க.

"போர்வைய இறக்குங்க அண்ணி."

"வேண்டாம்டி, குளிருது."

"குளிருதுன்னுதான் தேய்க்க வந்திருக்கேன்." இழுத்துவிட்டாள். நீலப் பட்டை தோளில் பளிச்சென்று தெரிந்தது. "இது என்னது?"

தெசான்கா கூரையைப் பார்த்தாள். ராதிசாவ்தான் சொன்னான், "டாக்டர் போடச் சொன்ன பட்டை. முதுகுக்கு."

"பூப்போட்டா?"

"இப்பல்லாம் அப்படித்தான் வருதாம்."

ஸகோர்கா நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் தேய்த்தாள். அறை முழுக்கச் சாராய வாடை. போகும்போது ராதிசாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இந்த வருஷம் உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க அண்ணே. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நாளைலேர்ந்து இருபத்தாறாந் தேதி வரைக்கும் நானே சூப்புக் கொண்டு வர்றேன். அதுக்கப்புறம்... என்கிட்ட இருக்கற உங்க வீட்டு மாத்துச் சாவியக் கீழ்வீட்டு ருமெங்காகிட்டக் குடுத்துட்டுப் போறேன். காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வந்து அண்ணியப் பாத்துக்கும். அனாதையா விட்டுடுவோமா என்ன?"

கதவைச் சாத்திவிட்டு ராதிசாவ் அதிலேயே சாய்ந்து நின்றான். ஸ்லாவா ஒழிந்தது. கூடவே கடலும் ஒழிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஒருத்தி சாவி போட்டுத் திறந்து வந்து பார்க்கிற வீட்டிலிருந்து, சாகக் கிடக்கிறவள் எப்படி விமானம் ஏறுவாள்?

நான்கு நாள் யோசித்தான். வேலையில் வால்வைத் தப்பாகத் திருகி இரண்டு தெருவைப் புழுங்க வைத்தான். ஐந்தாம் நாள் தெசான்காவே சொன்னாள்.

"விடுய்யா. எனக்குச் சூப்பைக் குடிச்சுக் குடிச்சு நெஜமாவே வயித்தால போவுது. டிக்கெட்டக் குடுத்துடு. நாம பாட்டுக்கு ஸ்லாவா வைப்போம்."

"உன் கை?"

"கை இத்தன வருஷம் இருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் இருக்கும்."

அவள் நீச்சலுடையைத் துவைத்து, மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள். அதைப் பார்க்க முடியாமல் ராதிசாவ் வெளியே போய்விட்டான்.

இருபத்தாறாந் தேதி பயண அலுவலகத்தில் யாஸ்மினா அவனிடமிருந்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "நல்லவேளை அண்ணே. ஒரு வாரமா ஒருத்தர் தினம் போன் பண்ணிக் கேட்டுட்டே இருக்காரு. அவரு சம்சாரத்துக்கு முழங்கால் வலியாம். வெயில் பட்டாத் தேவலாம்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

'யாரோ ஒருத்தி முழங்காலாவது வெயில் காயட்டும்' என்று நினைத்துக்கொண்டான். மனம் ஆறவில்லை.

அங்கிருந்து நேரே திஹோமிர் கடை. இப்போது வேறொரு சிக்கல். ஸ்லாவா உண்டு என்று சொன்னால் அது அழைப்பாகிவிடும். அழைப்பது அவமானம். சொல்லாமல் சொல்ல வேண்டும்.

"அக்கா எழுந்துட்டா மாப்ளே. நல்லா நடமாடறா."

திஹோமிரின் கத்தி ராதிசாவின் காதில் கீறியது.

"சந்தோஷம்," என்றான், இழவு வீட்டில் சொல்கிற மாதிரி.

"கொதிகலனும் நல்லா இருக்கு."

"சந்தோஷம்."

"ஊறுகாய்க் கோஸும் இந்தத் தடவை நல்லா வந்திருக்கு."

ஊறுகாய்க் கோஸ் இல்லாமல் ஸ்லாவா விருந்து கிடையாது; இதற்குமேல் எந்த மனிதனாலும் சொல்லாமல் சொல்ல முடியாது. திஹோமிர் காதுக்குப் பஞ்சு வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பதாந் தேதி முழுக்கத் தெசான்கா ஊறுகாய்க் கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டினாள். எண்பது சுருள். கோஸ் தண்ணீரில் அவள் விரல் வெளுத்து மரத்தது. அந்த நாலு நாளும் வேறு யார் வீட்டுக்கும் போகாமல் வேலையாக இருந்த ராதிசாவ் பன்றி வறுத்தான், பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்கினான்.

முப்பத்தொன்றாந் தேதி காலை மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ரொட்டி, வேகவைத்த கோதுமை, சிவப்பு ஒயின், எல்லாம் மேசையில். கதவு திறந்திருந்தது. பத்து மணி. பதினொன்று. கீழ்வீட்டு ருமெங்கா மட்டும் வந்து, ஒரு கரண்டி கோதுமை வாயில் போட்டு, "என்னை ஒண்ணும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பன்னிரண்டு. ஒன்று. நாற்பது நாற்காலியும் காலி.

"பகையாயிட்டாங்க," என்றான் ராதிசாவ். "பொய்யக் கண்டுபிடிச்சுட்டாங்க. இருபத்தாறு வருஷத்து ஜனம் ஒரே நாள்ல போயிட்டுதுடி."

தெசான்கா சுருள் சட்டியின் மேல் கையை வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குப் படியில் காலடி கேட்டது. இருவரும் எழுந்து நின்றார்கள். வந்தவன் தேவாலயத்துக் கோயில்பிள்ளை மிலூன், பாதிரியாருக்குத் தூபக்கால் தூக்குகிறவன். தனியாக வந்திருந்தான்.

"சாமி வரலையா?" என்றான் ராதிசாவ்.

"சாமி ஊர்ல இல்ல. பக்கத்து ஊர்ச் சாமி சாயந்திரமா வந்து ரொட்டி வெட்டுவாரு, உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாங்க." மிலூன் உட்கார்ந்து ஒரு சுருளை எடுத்துக் கடித்தான். காலி நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தான். "நீங்க ஏன் இவ்ளோ சமைச்சீங்க? உங்காளுங்க எல்லாரும் எகிப்துல இருக்காங்களே. உன் மச்சான், அவன் சம்சாரம், மத்தவங்க எல்லாம். இந்த வருஷம் ஸ்லாவா இல்லேன்னு கேட்டதும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம டிக்கெட் வாங்கி, விமான நிலையத்துல மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு நின்னாங்களாம். இருபத்தாறு வருஷமா உன் வீட்டு ஸ்லாவாவுக்கு வந்தாகணுமேன்னு யாருமே அந்த மலிவு வாரத்துல போக முடியலையாம்."

ராதிசாவ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். தெசான்கா கையைச் சட்டியிலிருந்து எடுக்கவில்லை.

மிலூன் இரண்டாவது சுருளை எடுத்தான். "சாமிக்கும் அவரு வீட்டம்மாவுக்கும்தான் கடைசி வரைக்கும் இடம் கிடைக்கல. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் ரெண்டு டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்தானாம். அவன் பேரைக் கண்டுபிடிச்சு ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லி நேத்து கடற்கரையிலேர்ந்து போன் பண்ணாரு, உனக்கு யாருன்னு தெரியுமா?"