கார் மெசினில் குறைந்த டோக்கன்கள்

புளியந்தீவு,
தை 2010.

அன்புள்ள சின்ன மாமாவுக்கு மருமகன் யதுர்ஷன் எழுதுவது. சுவிஸ் குளிர் உங்கள் மூட்டுகளைத் தொடாமல் மாமாங்கேஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லாரும் நலம். உங்கள் கேம் சென்டர்தான் நலமில்லை.

கார் ஓட்டும் மெசினில் மீற்றர் காட்டுகிற ஆட்டங்களை விடப் பெட்டியில் விழுந்த டோக்கன் குறைவு என்று சொன்னதும், "டோக்கன் விக்கிறவள்தான் கள்ளி, மேனுகாவை நிப்பாட்டு" என்று போனிலேயே தீர்ப்புச் சொன்னீர்கள். சுனாமியில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை அவள். அவளுடைய சம்பளத்தில்தான் தாயும் தம்பிமாரும் சாப்பிடுகிறார்கள். களவெடுத்த ஆளைப் பிடிக்காமல் நிப்பாட்ட மாட்டேன் என்றேன். அதற்கு நீங்கள் சொன்ன காவலின் சிறப்பைக் கேளுங்கள்.

வேலையாக்கள்ர பொக்கற்றைத் தைச்சு மூடச் சொன்னீங்க, தைச்சம். இப்ப மெசின் திருத்துற காத்தான்குடிப் பாஹிம் ஸ்குறூவெல்லாத்தையும் வாயில வெச்சுக்கொண்டு கதைக்கிறான், ஒண்டும் விளங்குதில்ல, போன கிழமை தும்மினதில ஒண்டு ஒரு வாடிக்கைக்காரர்ர தேத்தண்ணிக்க விழுந்திட்டு. மறுகா, வாசல்ல ஆக்களைச் சோதிக்கச் சொன்னீங்க. நான் வாய் திறக்க முதல் மேனுகா ஆமி செக்பொயின்டில போல அடையாள அட்டையை நீட்டி, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டாள். எனக்கு விசர் பிடிச்சிட்டு. சண்டை முடிஞ்சு ஒரு வருசமாகல்ல, உங்கட கடை வாசல்லயும் நாங்க கை தூக்கவேணுமோ? அதை அண்டைக்கே விட்டிட்டன், ஏசிறதெண்டா ஏசுங்க. கடைசியா, சாப்பாட்டுக்குக் கடை பூட்டின நேரம் சத்தமில்லாமப் போய்ப் பார் எண்டீங்க. போனன்.

மெசின்ர கதவு திறந்து கிடக்கு. சீற்றில, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு உங்கட அண்ணன், வினாயகமூர்த்திப் பெரிய மாமா! "ரத்தம் களவெடுக்காது" எண்டு நீங்க மெசின் பூட்டுக்குத் திறப்புக் குடுத்த அதே ஆள். உள்ளுக்கிருக்கிற சோதனைச் சுவிட்சை அமத்தினா டோக்கன் இல்லாமலே ஓடலாம், மீற்றர் மட்டும் ஏறும். திரையில ஒரு பாலம் வந்திச்சு. மனிசன் பிறேக் அடிச்சு நிப்பாட்டிட்டார். மற்றக் காரெல்லாம் பறக்குது.

"ஏன் மாமா நிக்கிறீங்க?"

"பாலமெல்லோ மனே, செக்பொயின்ட் இருக்கும். உள் லைட்டைப் போட்டு முகம் காட்டாட்டிச் சுடுவாங்க, சுவிட்ச் எங்க கிடக்கு?"

"இது கேம். ஒருத்தரும் சுட மாட்டாங்க."

"உனக்கு ஆர் சொன்ன?"

ஒவ்வொரு பாலத்திலயும் நிண்டு தோக்கிறது, மறுபடி சுவிட்சை அமத்திறது. இதுதான் நீங்க தேடின களவு. தேற்றாத்தீவுக்கு ஓடின தன்ர வேனைச் சுனாமியில கடல் கொண்டுபோனதில இருந்து மனிசன் ஸ்டியரிங் பிடிக்கல்ல. ஏசப் போன நான், பக்கத்தில குந்தி, "போங்க மாமா, போங்க!" எண்டு கத்திக்கொண்டிருந்தன்.

ஆகவே மேனுகா கள்ளியில்லை. திறப்பை இனி அவளிடம் கொடுக்க அனுமதி தாருங்கள். அண்ணனை நிப்பாட்டுவதென்றால் நீங்களே சொல்லுங்கள், எனக்கு வாய் வராது. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மா வறுத்த முந்திரிக்கொட்டை அனுப்புகிறா, பங்கிட்டுச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகன்,
யதுர்ஷன்.

பி.கு.: இதை மேனுகாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அழுதிட்டாள். சந்தோசமாக்கும் எண்டு நினைச்சன். மெசின் பூட்டு இறுக்கமாம், பெரிய மாமாட கைக்கு ஏலாதாம், ஒவ்வொரு மத்தியானமும் திறந்து விட்டது அவள்தானாம். சொன்னா மனிசனை ஓட விடமாட்டீங்க எண்டு பேசாம இருந்தவளாம். சுவிட்சைக் காட்டிக் குடுத்தது பாஹிமாம். உங்கட கடையில களவுக்குச் சேராத ஆள் நான் ஒருத்தன்தான் மாமா. ஆரையாவது நிப்பாட்டத்தான் வேணுமெண்டா, என்னை நிப்பாட்டுங்க.