ரங்கூன் வரைந்த லட்சுமி

செங்கற்பட்டு ஜில்லாவிலேயே மூன்று மதத்தாரின் கோபத்தையும் ஒரே வாரத்தில் சம்பாதித்த ஆள் ரங்கூன் ஒருவன்தான். அதற்காக அவன் மேடையேறி எதுவும் பேசவில்லை. படம் வரைந்தான், அவ்வளவுதான்.

ரங்கூன் என்பது நாங்கள் வைத்த பெயர். செய்யூர்ப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறிப் போன அப்பாவுக்கும், பர்மாக்கார அம்மாவுக்கும் அங்கே பிறந்தவன். யுத்தத்தில் குண்டு விழ ஆரம்பித்ததும் மூவரும் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மா வழியிலேயே இறந்துபோனார். அப்பா செங்கற்பட்டு வரை வந்து காய்ச்சலில் போனார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், பையனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். பாதிரியார் பள்ளியில் படிக்கவைத்தார். பிறகு ஒரு தெலுங்குக்காரரின் போர்டு எழுதும் பட்டறையில் சேர்த்துவிட்டார். இதனால் ரங்கூனுக்குப் பசித்தால் தமிழ் வரும், கோபம் வந்தால் தெலுங்கு வரும், கதவிடுக்கில் விரல் நசுங்கினால் பர்மா பாஷை வரும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ரங்கூனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அந்த வாரம் திங்கட்கிழமை அரிசி மண்டிக்காரர் ஒருவர் முருகன் படம் கேட்டிருந்தார். வேலும் மயிலும் பிரமாதமாக வந்திருந்தன. சுவாமியின் இடுப்பில் கட்டம் போட்ட கைலி.

"இன்னாய்யா, சாமிக்குக் கைலி கட்டி வுட்டுக்கீறே?"

"பழனில வெறும் கோவணந்தானே அண்ணாத்த? அதுக்கு இது தேவல."

அரை மணி நேரத்தில் கைலி பட்டு வேட்டியாகிவிட்டது. படத்தைத் திருத்தச் சொன்னால் அவன் முகம் சுளிப்பதே கிடையாது.

புதன்கிழமை, மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் ஒரு படகில் மாதா படம். மாதாவின் காதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வளையங்கள்.

படகுக்காரர் கேட்டார்: "இது எங்க மாதாவா, பாய் வூட்டு மாதாவா?"

"உங்க மாதாதான். பாய் வூட்டு விருந்துக்குப் போய்ட்டு வந்துகினு கீது."

சாயங்காலத்துக்குள் சேதி பஜாருக்கு வந்துவிட்டது. பாய் துணி அளக்கும் கோலோடு தெருவில் இறங்கினார். "அடேய், என் சம்சாரத்தோட காது கடல்ல போவுதாமே!"

வளையங்களும் மறைந்தன.

மூன்றாவது, நான் தினமும் சாப்பிட்ட காபி கிளப். ரங்கூனைச் சிபாரிசு செய்த பாவி நான்தான். வெள்ளிக்கிழமை புதுக் கூடம் திறப்பதாக இருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் லட்சுமி வேண்டும். வியாழக்கிழமை மாலை படம் முடிந்தது. தாமரை, இரண்டு யானை, தலையில் முக்காடு, கன்னங்களில் வெளிர் மஞ்சளாக இரண்டு வட்டம்.

முதலாளி கிட்டப் போய்ப் பார்த்தார். எட்ட நின்றும் பார்த்தார்.

"இன்னாய்யா இது? லட்சுமிக்குத் தேமலா?"

"முக்காட்ட எடுத்துடறேன் மொதலாளி. கன்னத்தத் தொட மாட்டேன்."

ரங்கூன் 'மாட்டேன்' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்ப சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுடுவேன்."

"அடிச்சுக்கோ!"

பிரஷ்ஷைக் கழுவாமல் போட்டுவிட்டு வெளியே நடந்தான். நான் பின்னால் ஓடினேன். ஏரிக்கரையில்தான் பிடிக்க முடிந்தது.

"ரெண்டே ரெண்டு வட்டம். அதுக்கு இவ்வளவு பிடிவாதமாப்பா?"

"எங்கம்மா தெனம் காலைல மரப்பட்டைய அரைச்சுக் கன்னத்துல பூசிக்கும் சார். அந்த ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் பூசுவாங்க. அந்த ரெண்டு வட்டந்தான் எனக்கு ஞாபகம் கீது. மூஞ்சி ஞாபகம் இல்ல. காது, முக்காடு எல்லாம் என்னை வளத்த அம்மாவோடது. யாரை வரைஞ்சாலும் ரெண்டு பேரும் வந்து நின்னுடறாங்க. நான் இன்னா பண்ண?"

நான் திரும்பி வந்தபோது சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். தம் கடைக் காபியை ஒருநாளும் தொடாதவர், ஒரு டம்ளர் வரவழைத்து முழுதாகக் குடித்தார். பிறகு வாளியைத் தாமே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளே கேட்டுவிட்டார்: "இன்னா மொதலாளி, கன்னத்துல?"

"வெள்ளிக்கெழமைய்யா. மஞ்சப் பூசிக்கினு கீது. இன்னும் குளிக்கல."

சனிக்கிழமையும் அவரே வந்து கேட்டார்.

"லட்சுமிக்கு வேலை ஜாஸ்தி. நீ இட்லிய துன்னு."

திங்கட்கிழமை காலை பிரஷ்ஷை எடுத்துப் போக ரங்கூன் வந்தான். படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த முதலாளி திரும்பாமலே கேட்டார்.

"உங்கம்மா பேரு இன்னாபா?"

"மா துவே."

"மாதவியா? அட, லட்சுமி பேருதான்யா அதுவும்!"

ரங்கூன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு தினமும் கற்பூரம் காட்டும்போது முதலாளி, "மாதவியம்மா, தாயே" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்வார். எனக்கு மாற்றலாகும்வரை தினமும் கேட்டேன். தினமும் தப்பாகத்தான் சொன்னார். ரங்கூன் வாசலோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். ஒருநாளும் திருத்தவில்லை.