சடையன் வேலி போட்ட கதை

ஒரு காட்டில், அது அமெரிக்காவில் இருந்ததால் நமக்குக் கொஞ்சம் தூரம், சடையன் என்றொரு கரடி இருந்தது. கோடையில் தின்னும், குளிர்காலம் முழுக்கத் தூங்கும். வேறு வேலையும் இல்லை, ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் அந்தப் பக்கம் குடியேற வந்தவர்களின் வண்டியிலிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. அந்தக் காலத்து அமெரிக்க எழுத்தாளர்களுக்கு விவசாயி என்றால் கடவுளுக்கு அடுத்தபடி. சொந்த நிலத்தை உழுகிறவன்தான் சுதந்திரமானவன், அவன் யாரிடமும் கைகட்டி நிற்கமாட்டான் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

சடையனுக்குப் புல்லரித்துவிட்டது. "இத்தனை நாள் வெட்டியாத் திரிஞ்சிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. மறுநாளே நிலத்தைக் கீறி மக்காச்சோளம் விதைத்து, சுற்றிலும் வேலி போட்டது.

அன்றோடு ஆரம்பித்தது சுதந்திர வாழ்வு. மழைக்காக மேகத்திடம் கெஞ்சியது. கதிரை விட்டுவிடச் சொல்லிக் காக்கைகளைக் கையெடுத்துக் கும்பிட்டது. எதிர் மரத்தில் தேன்கூடு தொங்கியது. போய் எடுக்கலாமென்றால் காவலுக்கு ஆளில்லை. பாவம், மற்றவர்கள் உள்ளே வரக்கூடாதென்று போட்ட வேலிக்குள் அதுதான் மாட்டிக்கொண்டது.

பனி விழத் தொடங்கியது. அறுவடை பாதிகூட முடியவில்லை. சடையனுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது. தூங்கினால் பயிர் போச்சு, தூங்காவிட்டால் கரடியே போச்சு. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்போது வெண்வாலன் என்ற மான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க? கையில என்ன புத்தகம்?"

சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மானின் உறுதியான கால்களைப் பார்த்தது. குளிர்காலத்தில் மான் தூங்காது என்பதும் நினைவுக்கு வந்தது.

"உனக்கெதுக்குப்பா? இது பெரிய மனசு இருக்கறவங்க வாழற வாழ்க்கை. உங்க கூட்டத்துக்கு ஒத்துவராது."

மானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், எங்களுக்கு மனசு இல்லையா?"

"சரி, ஆசைப்படற. முதல் பக்கத்தை மட்டும் படி."

மான் படித்தது. அதற்கும் புல்லரித்தது. பொழுது சாய்வதற்குள் மான் கூட்டம் வேலிக்கு உள்ளே, சடையன் வெளியே. குகைக்குப் போய்ப் படுத்த கரடி வசந்தம் வரை புரண்டுகூடப் படுக்கவில்லை.

அடுத்த கோடையில் தேன் வழியும் வாயோடு சடையன் அந்தப் பக்கம் போனது. எலும்பும் தோலுமாக மேகத்தைப் பார்த்து நின்ற வெண்வாலன், "புத்தகம் குடுத்த புண்ணியவான் நீங்க, எடுத்துக்கங்கண்ணே" என்று ஒரு கூடை கதிரை நீட்டியது.

சடையனுக்கு நிஜமாகவே நெஞ்சு இளகிவிட்டது. ஒரு கதிரைக் கடித்துக்கொண்டே சொன்னது: "விவசாயிதாம்பா இந்தக் காட்டுக்கே முதுகெலும்பு!"

நீதி: விவசாயமே உன்னதமான வாழ்க்கை. அந்த உன்னதத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பதே பெருந்தன்மை.