பனிக்குள் போன மாப்பிள்ளை

நூறு படம் எடுத்தவர்கள் அடக்கமாக இருப்பார்கள். ஒன்றே ஒன்று எடுத்தவர்களிடம் மட்டும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பஸ் வரும்வரை விடமாட்டார்கள். நான் ஒன்று எடுத்தவள்.

படத்தின் நீளம் ஏழு நிமிடம். (அதில் கடைசி இரண்டு நிமிடம் வெறும் வெள்ளை. பார்த்த ஒருவர் ‘சூன்யத்தின் குறியீடா?’ என்று கேட்டார். இல்லைங்க, பனி.)

அப்போது நான் தஞ்சாவூரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சினிமாவைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். ‘லாங் ஷாட்’ என்ற சொல் தெரிந்த வாரத்தில், சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்த்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

எனக்கு ஒரு கனவு இருந்தது. எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர். தை பிறக்கும் சமயத்தில் அங்கே விடியற்காலையில் ஊரே இருக்காது. முற்றிய சம்பாக் கதிர்களுக்கு மேல் வெள்ளையாக ஏதோ படுத்திருக்கும். தென்னை மரங்களுக்கு அடிமரம் இருக்காது, தலை மட்டும் மிதக்கும். வாய்க்கால் தண்ணீர் உலை மாதிரி புகையும். அந்த வெள்ளைக்குள் ஒரு மனிதன் திரும்பிப் பார்க்காமல் நடந்து போக வேண்டும். போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கதை.

படம் பிடிக்க நசீமா இருந்தாள். அதிராம்பட்டினத்துக்காரி, என் வகுப்புத் தோழி. எங்களுக்குத் தெரிந்தவர்களில் நல்ல கேமரா வைத்த கைப்பேசி அவளிடம்தான் இருந்தது. ஆகவே அவள் ஒளிப்பதிவாளர். நடக்கத்தான் ஆள் இல்லை. அப்பா பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ‘நடந்தா எனக்கென்ன மார்க்கு?’ என்று கேட்டுவிட்டார். கடைசியில், நான் கேட்டால் மறுக்கவே முடியாத ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

என் அக்கா சுதாவுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது. தலைப்பொங்கல். மன்னார்குடியில் சம்பந்தி வீட்டில் சீர் இறக்கிவிட்டு, மாட்டுப் பொங்கலுக்கு அக்காவையும் ரகு அத்தானையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அத்தான் சென்னையில் கணினி வேலை பார்ப்பவர், சாது. எங்கள் வீட்டில் அவர் நிலை உற்சவர் நிலை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவார். நைவேத்தியம் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் எழுந்து, ‘நீங்க உக்காருங்க மாப்ள’ என்பார்கள். வழக்கமாக வராத சித்தப்பா பெரியப்பா எல்லாம் வந்து எதிரே அமர்ந்து அவரைப் பார்த்தார்கள். சும்மாதான் பார்த்தார்கள்.

நான் போய்க் கேட்டேன்.

“நான் என்ன பண்ணணும்?”

“நடக்கணும் அத்தான்.”

“அவன் எதுக்கு நடக்கிறான்?”

“அதை ரசிகர்கள் யோசிப்பாங்க.”

“சரி. அவனுக்காவது தெரியுமா?”

எனக்கே தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். புது மாப்பிள்ளை வேறு என்ன செய்வார்? (முதல் பாடம்: முடியாது என்று சொல்ல வாயில்லாதவரிடம் சம்மதம் கேட்கக் கூடாது.)

மாட்டுப் பொங்கலன்று விடிவதற்குள் மூவரும் வாய்க்கால் கரையில் நின்றோம். மதியம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருவதாக இருந்தது. அதற்குள் அத்தானைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டி கட்ட வைத்துப் பலகையில் உட்கார்த்திவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. “அரை மணி நேரம்மா” என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் கதாநாயகன் எல்லாவற்றையும் துறந்தவன். ஆகவே அத்தானின் கைப்பேசி, கைக்கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அவருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தேன். “நான் கட் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது. என்ன நடந்தாலும் சரி.”

“பாம்பு வந்தா?”

“அதையும் பாக்கக் கூடாது.”

நடந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பனி. முதலில் பாதம் கரைந்தது. பிறகு வேட்டி. கொஞ்ச நேரம் ஒரு கறுப்புத் தலை மட்டும் கதிர்களுக்கு மேல் மிதந்து போயிற்று. எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணி. “அழகா இருக்குடி, எடுத்துக்கிட்டே இருக்கேன்” என்று நசீமா கிசுகிசுத்தாள். நான் என்னை மறந்து நின்றேன். இயக்குநர் மறக்கக் கூடாத ஒரே சொல்லை மறந்தேன்.

நினைவு வந்தபோது தலையும் இல்லை.

“கட்!” என்றேன். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. “கட்! கட்! அத்தான், கட்டு!” என்று ஓடினோம். கொஞ்ச தூரத்தில் மதகு. அங்கே வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது, கரையும் பிரிகிறது. இரண்டிலும் ஓடினோம். நசீமா ஒரு கரும்புக் கொல்லைக்குள் நுழைந்து, கிழிந்த துப்பட்டாவோடு வெளியே வந்தாள்.

“ஏய் வித்யா, உங்க வீட்டுல மாப்ளைய என்னா வெலைக்குடி வாங்குனீங்க?”

“ஏன்டி?”

“இல்ல, தொலைச்சாச்சே. கேட்டா சொல்லணும்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை. “வெளையாடாத” என்று சொல்லி அத்தான் எண்ணுக்குப் போன் போட்டாள். என் பைக்குள் மணி அடித்தது. அந்தச் சத்தத்தை நான் வேறு எந்தப் படத்திலும் கேட்டதில்லை.

“தலைப்பொங்கலுக்கு வந்த மாப்ளைய வயல்ல தொலைச்சுட்டோம்னு சம்பந்தியம்மாகிட்ட எந்த வாயால சொல்றது?” என்றாள் அம்மா. அப்பா சைக்கிளை எடுத்தார். சித்தப்பா பைக்கை எடுத்தார்.  அக்கா தலையில் வைத்த பூவோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம். அவள் மாமியார் காரில் வந்து இறங்கி முதலில் கேட்கப்போவது, ‘ரகு எங்கம்மா?’  அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு லாங் ஷாட் மேல் இருந்த ஆசை முழுதாக வடிந்தது.

பனி விலகியது. வெயில் வந்தது. அத்தான் வரவில்லை. கார் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா ஒரு காலைத் தரையில் வைத்த அதே நேரத்தில் தெருமுனையில் ஒரு மொபெட் சத்தம். பக்கத்து ஊர் தனம் அக்கா ஓட்டி வந்தார். பின்னால் அத்தான். சட்டை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கொம்புக்குப் பூசும் வர்ணம். முழங்கால் வரை சேறு. கழுத்தில் மாட்டுக்குப் போட்டு மிச்சமான நெட்டி மாலை. முகத்தில், எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்தே இராத ஒரு சிரிப்பு.

“உங்க வீட்டு மாப்ளையா? சொல்லவே இல்லீங்களே!” என்றார் தனம் அக்கா. “விடியக்கால எங்க தொறையில வந்து நின்னாரு. ஒரு கை குடுங்க தம்பின்னேன். நாலு மாட்டையும் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டாருங்க. எங்க செவலை யாரையும் கிட்ட சேக்காது, இவருகிட்ட கண்ண மூடிக்கிட்டு நிக்குது!”

“எம் மகனா? மாட்டையா?” என்றார் சம்பந்தியம்மா. அவர் வீட்டில் அத்தான் காபி டம்ளரைக்கூடக் கழுவியதில்லையாம். “எங்கடா போன?”

அத்தான் என்னைப் பார்த்தார். “ஷூட்டிங் மா. இவ கட் சொல்லல. நடந்துக்கிட்டே இருந்துட்டேன்.”

தெருவே என் பக்கம் திரும்பியது. சொன்னேனே, சொன்னது கேட்கவில்லையோ, சத்தம் போதவில்லையோ என்று நான் குழம்புவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. சம்பந்தியம்மா அக்காவின் தோளில் கைவைத்து, “உன் தங்கச்சி பேச்சக் கேட்டா இவன் இலங்கைக்கே போயிருப்பான்மா” என்று சிரித்தார். அக்கா முகம் பிழைத்தது. என் முகம் போயிற்று. விருந்தில் எனக்கு வடை வைக்காமலே அம்மா இரண்டு முறை பந்தியைக் கடந்து போனாள்.

வருடக்கணக்கில் நான் நம்பியது இதுதான்: குறும்படம் எடுப்பவருக்குக் கேமராவைவிடத் தொண்டை முக்கியம். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் உபதேசித்தேன்.

போன வருடம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே அத்தான் என் பக்கத்து நாற்காலியில் வந்து ஒதுங்கினார்.

“ஏதாவது ஷூட்டிங் வச்சிருக்கியா வித்யா?”

“மொதல்ல சத்தமா கட் சொல்லப் பழகிக்கிறேன் அத்தான்.”

“அன்னிக்கு நீ சத்தமாத்தான் சொன்ன.” கையிலிருந்த பாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எல்லாமே கேட்டுச்சு. வந்ததுலேருந்து யாராவது என்னயப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பனிக்குள்ள போனதும் என்னய யாருக்கும் தெரியல. எனக்கே என் கை தெரியல. இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் தூரம்னு…”

 பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. “எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். நசீமா போன்ல பாத்தேனே. இவ கட்டுன்னு கத்துற சத்தத்துக்கு முன்னாடியே உங்க நடை மாறிடுச்சு. ஆபீஸ் விட்டு வர்ற நடை.”

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா அத்தைகிட்ட இவரும் மாட்டுவாரு. நீதான் ஏற்கெனவே மாட்டிட்டியே, வீணா எதுக்கு ரெண்டு பேரு?”

கதை வீடு முழுக்கப் பரவ அன்று மாலை போதுமாயிருந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது கூட்டத்திலிருந்து காணாமல் போனால், தேடுவதில்லை. ‘ஷூட்டிங்’ என்று சொல்லி இலையைப் போட்டுவிடுகிறோம். சம்பந்தியம்மாவே இரண்டு தடவை போயிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். மூன்றாவது தடவையாகக் காபி கேட்டுக் குரல் வந்தபோது நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா?”

“வாய்க்கா வரைக்கும் ஒரு ஷூட்டிங். பால் அடுப்புல இருக்கு, பாத்துக்க.”