குப்பிக்கு ஒரு யானை

நலம்புரி நாட்டைப் போல் நலமான நாடு உலகில் வேறில்லை. அதன் அமைச்சர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அங்கே அரசர் வாயால் சொன்னால் மட்டும் சட்டமாகாது. ஓலையில் எழுதி, அம்மிக்குழவி கனமுள்ள வெண்கல முத்திரையை அதன்மேல் ஓங்கிக் குத்த வேண்டும். குத்துகிறவள் செண்பகவடிவு. வேறு யாரும் முத்திரையைத் தொடக் கூடாது. தொட அனுமதிக்கும் ஆணைக்கும் அவள்தான் வந்து குத்தியாக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் அவள் விரல்கள் வீங்கின. சோறு பிசையக்கூட மடங்கவில்லை.

"மூட்டுவாதம்மா. உயிர்மருந்துதான் கேட்கும்" என்றார் அரண்மனை வைத்தியர்.

உயிருள்ள அணுக்களைத் தொட்டியில் இட்டு, கைக்குழந்தையைப் போல் பார்த்துப் பார்த்து வளர்த்து, வடித்தெடுக்கும் மருந்து அது. குடிமக்கள் வரிப்பணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த அன்றே அரசர் அந்த வித்தையை ஒரே ஒரு வணிகருக்குத் தூக்கிக் கொடுத்தார். அவர் வைத்த விலை, குப்பிக்கு ஒரு யானை.

"யானை இல்லையேன்னு கலங்காதீங்க. காப்பீடு இருக்கு" என்றார் காப்பீட்டு அமைச்சர் தாண்டவமூர்த்தி. "முதல்ல ஆறு மாசம் கஷாயம். அது தோத்தா ஆறு மாசம் களிம்பு. அதுவும் தோத்தா, உங்க கைப்பட விண்ணப்பம் எழுதிக் கொடுக்கணும்."

"கையால எழுத முடிஞ்சா எனக்கு மருந்து எதுக்குங்கய்யா?"

"பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!" என்று அமைச்சர் அகமகிழ்ந்தார். அந்த விதிக்கும் அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினாள்.

களிம்புக் காலத்தில் விரல்கள் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டன. குத்தாத ஆணைகள் கூரைவரை குவிந்தன. நாடு என்ன ஆகுமோ என்று அரசவை நடுங்கியது. நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய மூச்சுவரி முத்திரைக்காகக் காத்துக் கிடந்ததால் ஜனங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள், கத்தரிக்காய் விலை இறங்கியது, கல்யாணங்கள் கூடின. இந்த அராஜகத்தை எத்தனை நாள் பொறுப்பது?

மேளதாளத்தோடு பல்லக்கில் ஏறி ஒரு குப்பி உயிர்மருந்து செண்பகவடிவின் வீட்டுக்கு வந்தது. விண்ணப்பத்தை யாரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் விரல்கள் விரிந்தன. தானே தலைவாரிப் பின்னல் போட்டாள். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள். சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

முதலைகள் உலவும் அகழியை ஒட்டிய மண்டபத்தில் அமைச்சர் முதல் ஆணையை நீட்டினார். 'முத்திரை அலுவலர் குணமடைந்ததால் நாட்டில் மூட்டுவாதம் ஒழிந்தது. இனி உயிர்மருந்துக்குக் காப்பீடு கிடையாது.'

அகழிக்கு அப்பால், கோட்டை வாசலில், வீங்கிய கைகளோடு நூறு பேர் உயிர்மருந்துக்காக வரிசையில் நின்றார்கள்.

"அப்போ அவங்க?"

"அவங்க கையில முத்திரையா இருக்கு?" அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் மாசாமாசம் ஒரு குப்பி வந்துடும்மா. வெளியே சொல்லாதீங்க."

ஒரு குப்பி ஒரு மாதம்தான் தாங்கும். அடுத்தது வராவிட்டால் பழையபடி கை பூட்டிக்கொள்ளும். செண்பகவடிவுக்குப் பயமாகத்தான் இருந்தது. முத்திரையைத் தூக்கினாள், லேசாக வந்தது. அமைச்சர் ஓலையை வாகாக நகர்த்தி வைத்தார். அவள் கையை ஒரு சுழற்றுச் சுழற்றி, முத்திரையை அகழியின் நடுவில் வீசி எறிந்தாள்.

"ஐயோ! இன்னொன்னு வார்க்க ஆணை வேணுமே! ஆணைக்கு முத்திரை வேணுமே!" என்று அமைச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற வைத்தியர் தம் ஏட்டைத் திறந்து, 'தோள், மணிக்கட்டு, விரல்: பூரண குணம்' என்று எழுதினார்.

வரிசையில் நின்றவர்களுக்குக் கைதட்ட முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்கள்.