மார்கரெட்டின் கல்விளக்கும் எங்கள் வீட்டு மோரும்

என்னை நம்பி யார் வேண்டுமானாலும் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம். தேய்க்கிற பிரஷ் மட்டும் என் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் நானும் என் மனைவி சுதாவும் அமெரிக்காவில் குபெர்டினோ என்ற ஊரில், மார்கரெட் என்ற இங்கிலாந்து அம்மாளின் வீட்டுப் பின்பக்கத்தில் குடியிருந்தோம். தோட்டம் முழுக்க ரோஜா, நடுவில் ஒரு ஜப்பானியக் கல்விளக்கு. இது எதற்கு இங்கே என்று கேட்டேன். தன் தாத்தா காலத்திலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். நாலு தெரு தள்ளியிருந்த அவருடைய நண்பர் தனாகாவுக்கோ இங்கிலீஷ் ரோஜாப் பைத்தியம். வருஷத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிடுவார் (பெண் பார்க்கிற மாதிரிதான், பஜ்ஜிக்குப் பதில் பிஸ்கட்). ஒன்பது வருஷமாகத் தனாகா அந்த விளக்கைப் பார்த்து "ம்" என்பதோடு சரி. இந்த முறையாவது அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று மார்கரெட் தவியாய்த் தவித்தார்.

தனாகா வரவிருந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் மகளைப் பார்க்கக் கிளம்பியவர், என்னிடம் சாவியைக் கொடுத்து, செடிகளோடு கல்விளக்குக்கும் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். கல்லுக்கு எதற்குத் தண்ணீர்? கழுவத்தான். எனக்குப் புரிந்துவிட்டது (இப்படி நான் சொன்னாலே சுதா இன்றும் பிரஷ்ஷை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள்). விளக்கு முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி. பாவம், வயசான அம்மாள், குனிந்து தேய்க்க முடியவில்லை போலிருக்கிறது. எங்கள் ஊர்க் குளியலறையில் பாசி என்றால் யாரோ இடுப்பை உடைத்துக்கொள்ளப்போகிறார் என்று அர்த்தம். ப்ளீச், கம்பி பிரஷ், மூன்று மணி நேரம். விளக்கு புதுப் பல்செட் மாதிரி பளிச்சென்று நின்றது.

"அவங்களைக் கேட்காம எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் சுதா. சர்ப்ரைஸ் என்றேன்.

சனிக்கிழமை திரும்பி வந்த மார்கரெட் விளக்கைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாசியை ஒன்பது வருஷம் வளர்த்தேன்" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் தெளிக்கச் சொன்னது பாசிக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தனாகா விளக்கை இரண்டு முறை சுற்றி வந்து, யார் செய்தது என்றார். கையைத் தூக்கினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு உண்மையைக் கக்கினார். ஒரு வருஷம் அவர் ரோஜாக்கள் பூக்காததற்கு, அவர் மார்கரெட்டிடம் சொல்லிவைத்த மாதிரி பூச்சி காரணமில்லையாம். ஜப்பானிலிருந்து வந்த அண்ணன் உதவுவதாக நினைத்து, அத்தனை செடியையும் அந்த ஊர் பைன் மரம் மாதிரி உருண்டை உருண்டையாக வெட்டிவிட்டாராம்.

"உங்க பாசி ரொம்ப அழகு, மார்கரெட். பொறாமையில இத்தனை வருஷமா சொல்லல" என்றார்.

பாசி போன பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. ஆனாலும் மார்கரெட் முகம் மலர்ந்ததே, அதை மறக்கவே முடியாது.

கல்லில் மோர் தடவினால் பாசி சீக்கிரம் வரும் என்றும் தனாகா சொன்னார். சுதா உள்ளே போய் மோர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். மூன்று மழைக்காலம் எங்கள் வீட்டு மோர் முதலில் விளக்குக்கு, மிச்சம் எனக்கு. பாசியும் வந்தது.

இன்றும் நான் எதையாவது துடைக்கக் கிளம்பினால், அமெரிக்காவில் பிறந்த என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "மாம், டூ வீ ஹேவ் எனஃப் மோர்?"